கணக்குக்காக அரைத்த மிளகாய்

25 ஜூன் 1993, வெள்ளி

பம்பாயில் வரிசையாகக் குண்டு வெடித்த வருஷம் இது. போன ஐப்பசி மழையில் உடைந்த எங்கள் ஊர்க் குளத்துக் கரையை இந்த வருஷம்தான் மண் கொட்டி அடைத்தார்கள். கரும்பாலைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் பெரிய தட்டு ஒன்றைச் சாய்த்து வைத்து வெளிநாட்டு டிவி பார்க்கிறார்கள். வெல்லம் விலை சரிந்து, பங்குனியிலேயே ஆலை அடுப்பை அணைத்துவிட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது. வருஷங்களை இப்படித்தான் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி வெறுமனே கிடக்கிறது, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றாள் மருமகள் வளர்மதி. சரி, இன்றிலிருந்தே எழுது அம்மிணி என்றேன்.

காலையில் ராசு டீக்கடையில் லாரி ஆபீஸ் வெள்ளிங்கிரி பேப்பரைச் சத்தமாகப் படித்தான். முந்நூற்றைம்பது வருஷமாக யாரும் நிரூபிக்க முடியாத கணக்கை இங்கிலாந்துக்காரர் ஒருவர் கூட்டத்தில் எழுதிக் காட்டி முடித்துவிட்டாராம். படித்துவிட்டுப் பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"சென்னியண்ணா, இது நம்ம திருமூர்த்தி போட்டுட்டிருந்த கணக்குத்தானுங்?"

அதுதான். என் மகன் திருமூர்த்தி உடுமலையில் காலேஜ் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் அந்தக் கணக்கோடுதான் உட்காருவான். ஒருமுறை எனக்கு விளங்க வேண்டும் என்று நான் வேலை பார்த்த ஆலைக்கே வந்து அச்சு வெல்லத்தை வைத்துக் காட்டினான். மூன்றுக்கு மூன்று வரிசை பரப்பினான். பக்கத்தில் நாலுக்கு நாலு. இரண்டையும் கலைத்து ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பினான். மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. "இதே மாதிரி பொட்டியாட்ட மேல மேல அடுக்கினா வராதுங்ப்பா. ரெண்டு பொட்டியைக் கலைச்சு எந்தக் காலத்துலயும் ஒரு பொட்டி ஆகாது" என்றான். நான் விடவில்லை. ஆறுக்கு ஆறாக ஆறு அடுக்கும், எட்டுக்கு எட்டாக எட்டு அடுக்கும் அடுக்கி, கலைத்து, ஒன்பதில் அடுக்கச் சொன்னேன். எல்லாம் வந்தது. மேல் மூலையில் ஒரே ஒரு வில்லை குறைந்தது. "ஒண்ணுதானே அப்புனு, என்ற பங்குக்கு நான் போட்டுக்கறேன்" என்றேன். ஆலைக்காரர்கூடச் சிரித்தார். அந்தக் கதையை நான் ராசு கடையில் சொல்லாத நாள் கிடையாது.

பேப்பரை வாங்கி வந்து கொடுத்தேன். திருமூர்த்தி நின்றபடியே படித்தான். மடித்தான். காபியைக் குடித்தான். "நல்லதுங்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டான்.

27 ஜூன்

திருமூர்த்தி எழுதிய தாள்களை எல்லாம் என் பழைய வேட்டியில் மூட்டை கட்டி அட்டாலியில் ஏற்றினான். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

9 ஜூலை

கடையில் இன்றைக்கும் அதே பேச்சு. "வெள்ளைக்காரன் முந்திட்டானாட்ட இருக்குதுங்" என்கிறான் வெள்ளிங்கிரி. "பரவாயில்லீங், நம்ம பையன் அடுத்த கணக்கைப் போடட்டும். நம்ம லாரி ஆபீஸ்லயே ரெண்டு வருசக் கணக்கு நேராகாமக் கெடக்குது." பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராசு சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுதான் அதிகம் வலித்தது.

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

30 ஜூலை, ஆடி வெள்ளி

பாறையாத்தா கோயிலுக்குப் போய் வந்தேன். சும்மாதான். வெயில் அதிகம். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

(மாமா இவ்வளவுதான் சொன்னார். பாறையாத்தா கோயிலுக்கு யாரும் சும்மா போவதில்லை என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மோட்டார், மாடு, நகை என்று திருட்டுக் கொடுத்தவர்கள் போய், அங்கே இருக்கும் அம்மியில் வரமிளகாயை அரைத்து ஆத்தாவின் கல்லில் பூசுவார்கள். எடுத்தவன் உடம்பு எரியும், எடுத்தது நிலைக்காது என்பார்கள். மாமா வந்ததிலிருந்து கையை மோரில் வைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணைத் துடைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நம் வீட்டில் எதுவும் திருட்டுப் போகவில்லையே என்று கேட்டேன். "வயசாச்சல்ல அம்மிணி, கை எரியும்" என்றார். – வளர்மதி)

14 ஆகஸ்ட்

திருமூர்த்தி கிணற்று மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். முழங்கை வரைக்கும் கிரீஸ். இவனுக்கு இந்த வேலை எல்லாம் தெரியுமா என்றேன். "எனக்கே தெரியாதுங்ப்பா" என்று சிரித்தான்.

அவன் பல் தெரியச் சிரித்து எப்போது பார்த்தேன் என்று ஞாபகத்தைத் துழாவினேன். பேத்தி சுகன்யா பிறந்த அன்று. அதற்கப்புறம் இல்லை.

5 செப்டம்பர்

ஞாயிற்றுக்கிழமை. திருமூர்த்தி சுகன்யாவை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, வளர்மதியைப் பின்னால் ஏற்றி, உடுமலைக்கு சர்க்கஸ் பார்க்கக் கூட்டிப் போனான். இரண்டு பேரை வைத்து மிதித்ததில் திரும்பி வரும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. பேத்தி கரடி மோட்டார் சைக்கிள் ஓட்டியதை வீட்டுக்குள் ஓட்டிக் காட்டினாள். வளர்மதி தலையில் பூ வைத்திருந்தாள்.

எனக்கு என்னவோ சாப்பாடு இறங்கவில்லை.

(கனகாம்பரம். அவராகவே வாங்கித் தந்தது. – வ.)

2 அக்டோபர்

வடக்கே லாத்தூர் பக்கம் பூமி அதிர்ந்து ஊரே மண்ணாகிவிட்டதாம். ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்கு உள்ளே நடுக்கம். இங்கிலாந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று வளர்மதியிடம் கேட்டேன். அது கடலுக்கு அப்பால், ரொம்ப தூரம், அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். சும்மா கேட்டேன் என்றேன்.

இந்த டைரியில் "சும்மா" என்ற வார்த்தை அதிகமாகிக்கொண்டு வருகிறது.

18 டிசம்பர், சனி

மத்தியானமே திருமூர்த்தி வந்துவிட்டான். மெட்ராஸில் அவனோடு படித்த ஒருவர் காலேஜுக்கு போன் செய்தாராம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான்.

"அப்பா, அந்த இங்கிலாந்துக்காரரு எழுதுனதுல ஒரு எடம் நிக்கலைங். அவரே ஒத்துக்கிட்டாராம்."

"நிக்கலைன்னா?"

"ஒரு வில்லை கொறையுதுங்."

 ஆத்தா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நேராக ராசு கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் டீ போடச் சொன்னேன். வெள்ளிங்கிரிக்கு ஸ்பெஷல் டீ. "என்னுங்ணா விசேஷம்?" என்றான். "வெள்ளைக்காரன் கணக்குத் தப்பாப் போச்சு. பேப்பர்ல வரும், நீயே சத்தமாப் படி" என்றேன். இந்த வயதில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது எவ்வளவு சுகமாக இருந்தது!

திரும்பி வந்தபோது திருமூர்த்தி அட்டாலிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"அப்பா, சித்த அந்த ஏணியைப் புடிங்."

பிடித்தேன்.

14 ஜனவரி 1994, பொங்கல்

புது டைரி. இதுவும் உரக்கடையில் கொடுத்ததுதான்.

பொங்கல் பொங்கியது. திருமூர்த்தி அறையை விட்டு வரவில்லை. தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். சாயங்காலம் வளர்மதி எடுத்து வந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

7 பிப்ரவரி

சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். இங்கிலாந்துக்காரர் விட்ட இடத்தை அடைக்கத் தன்னிடம் வழி இருக்கிறது என்கிறான். எத்தனை வருஷமாகத் தான் போன பாதை நேராக அந்த இடத்துக்குத்தான் போகிறதாம். அவருக்கு முன்னால் இவன் அடைத்துவிட்டால் போதுமாம். சொல்லும்போது அவன் கண் இரண்டும் ஆலை அடுப்பு மாதிரி இருந்தன.

பள்ளிக்கூடம் விட்டதும் சுகன்யாவைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருந்தான். மறந்துவிட்டான். நான் போனபோது கேட் பூட்டியிருந்தார்கள். பிள்ளை வெளியே மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அழவில்லை. "அப்பாவுக்குக் கணக்கு திரும்ப வந்துருச்சுங்களா, அப்பாரு?" என்று கேட்டது, காய்ச்சல் திரும்ப வந்ததா என்று கேட்கிற மாதிரி.

3 மார்ச்

வளர்மதி நெல்லிக்காய் ஊறுகாய் போட்டாள். சொல்ல வேறொன்றும் இல்லை.

(இருக்கிறது. அவர் இன்று என்னை அடையாளம் தெரியாதவர் மாதிரிப் பார்த்துவிட்டுத் "தண்ணி வையுங்" என்றார். என்னைப் போய் மரியாதைக்கு 'ங்' போட்டுக் கூப்பிட்டார். – வ.)

9 ஏப்ரல்

விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திருமூர்த்தி கிணற்றுமேட்டில் நின்றுகொண்டிருந்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம். உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் என்ன ஆகும் என்று பயம். மாட்டை இழுத்துக்கொண்டு மெதுவாக அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன அப்புனு பாக்கறே?"

"தண்ணி கீழ போயிருச்சுங்ப்பா."

"ஆமா. கோடையல்ல."

அவ்வளவுதான் பேசினோம். வீட்டுக்கு வந்துவிட்டான்.

எனக்கு அந்த ஜப்பான் பையன் ஞாபகம் வந்தது. இந்தக் கணக்குக்குப் பின்னால் அலைந்தவர்களின் கதையை ஒரு தீபாவளியன்று திருமூர்த்தி எனக்கு ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறான். அதில் ஜப்பான்காரப் பையன் ஒருவன். இந்தக் கணக்கையே அவன் போடவில்லை, ஆனால் அவன் நினைத்த ஒன்று இல்லாமல் இந்தக் கணக்கு நடக்காதாம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் உயிரை விட்டுவிட்டான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை என எழுதி வைத்திருந்தானாம்.

இனிமேல் கட்டிலைக் கிணற்றுமேட்டில்தான் போட்டுக்கொள்வேன். காற்று நன்றாக வருகிறது.

17 ஏப்ரல்

வளர்மதி, இதை எழுது.

ஆடி வெள்ளிக்கிழமை நான் பாறையாத்தா கோயிலுக்குச் சும்மா போகவில்லை. மடியில் வரமிளகாய் கொண்டு போனேன். பூசாரி காளியப்பன் கேட்டார்.

"என்ன போச்சுங் பெரியவரே? மோட்டாரா?"

"இல்லீங். கணக்கு."

"கணக்குப் புஸ்தகமா?"

"புஸ்தகம் இல்லீங். கணக்கு. என்ற பையன் போட்டுட்டிருந்த கணக்கை இன்னொருத்தன் எடுத்துக்கிட்டான்."

"ஆளு ஆரு?"

"இங்கிலாந்துக்காரன்."

அவர் அம்மியைக் கழுவி விட்டார். "ஆத்தாளுக்கு ஊரு எல்லை ஏதுங். அரைங்" என்றார். அரைத்தேன். எடுத்தவன் கையில் அது நிலைக்கக் கூடாது, என் மகனிடமே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அரைத்தேன். கல்லில் பூசினேன்.

அதேமாதிரி திரும்பி வந்துவிட்டது.

(பேனாவை மூடிவிட்டேன். – வ.)

1 மே

அம்மிணி இன்றைக்குத்தான் மறுபடி பேனாவை எடுத்தாள். அன்றைக்குச் சொன்னதும் எழுந்து போனவள். எனக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேசவில்லை. இன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குங் மாமா அரைச்சீங்?"

"அவனுக்காகத்தான் அம்மிணி. பாவம், எத்தனை வருசம் ஒழைச்சான்."

"அவரு ஒண்ணுமே கேக்கலீங்களே."

 அவள் சேலை ஒன்றை மடித்து வைத்தாள்.

"ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் எனக்கு ஒரு புருசன் இருந்தாருங்க மாமா. கல்யாணமாகிப் பதினொரு வருசத்துல அப்பத்தான் பாத்தேன் அவரை. தோசைக்குச் சக்கரை தொட்டுக்கறவருன்னே எனக்கு அப்பத்தானுங் தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளை எழுதச் சொல்லி இதையும் சொல்கிறேன்: அவனுக்காக அரைத்தேன் என்றது பொய். பெஞ்சில் நாலு பேர் சிரித்தார்கள், அதற்காக அரைத்தேன். என் மகன் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வெள்ளிங்கிரி வாயை மூட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு விலையாக இந்தப் பெண்ணின் தலைப்பூவைக் கொண்டுபோய் அம்மியில் வைத்திருக்கிறேன். இவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூசுகிறது.

20 மே

பாறையாத்தா கோயிலுக்குப் போனேன். எரிச்சலை இறக்க என்ன வழி என்று காளியப்பனைக் கேட்டேன்.

"கேட்டது நடந்துச்சுங்களா?"

"நடந்துச்சுங்."

"அப்பப் பொறகு ஏனுங் மொகம் இப்படி இருக்குது? நடந்தா ஆத்தாளுக்கு எண்ணெய் ஊத்திக் குளுர வெக்கோணும். நீங்க வரவே இல்லை. ஊத்தாம உட்டா எரிச்சல் அரைச்ச ஊட்டுக்கே வருமுங்."

"நடந்தது மாறோணுமுங்."

அவர் வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லையாம். யோசித்துத்தான் சொன்னார். "நீங்க வந்து ஊத்தினா ஆகாதுங். ஆரு பொருளுன்னு சொல்லி அரைச்சீங்களோ அவரு வரோணும். என்ற பொருளு ஒண்ணும் போகலை ஆத்தான்னு அவரு வாயில சொல்லோணும். சொல்லிப்போட்டு ஊத்தினா எறங்கும்."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

22 மே – 30 ஆகஸ்ட்

இந்த நாட்களில் எழுதச் சொல்லவில்லை. திருமூர்த்தியிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கிளம்பினேன். அறை வாசல் வரைக்கும் போவேன். ஒருநாள் மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒருநாள் மாடு கன்று போட்டதைச் சொன்னேன். "ம்" என்றான். மறுநாள் வெளியே வந்து, இந்தக் கன்று எப்போது வந்தது என்று கேட்டான்.

11 செப்டம்பர், பிள்ளையார் சதுர்த்தி கழிந்து

சொல்லிவிட்டேன்.

கொழுக்கட்டைத் தட்டோடு உள்ளே போனேன். தரையெல்லாம் தாள். கால் வைக்க இடமில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, டீக்கடையில் ஆரம்பித்து அம்மி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கொழுக்கட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

 அப்புறம் ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்புத்தான். "மொளகாயா! அப்பா, அந்த மனுசனுக்கு மொளகாயா அரைச்சீங்?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். தண்ணீர் நிற்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, நீங்க ஒரு நாள்தானுங் அரைச்சீங்."

எனக்குப் புரியவில்லை.

"நான் சைக்கிள்ல போனாலும் சர்க்கஸுக்குப் போனாலும் உள்ளுக்குள்ள அதேதானுங் வேண்டிட்டு இருந்தேன். எங்கியாவது ஒடையோணும், எங்கியாவது ஒடையோணும்னு. போன் வந்தன்னைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அவரு ஏழு வருசம் தனியா உக்காந்து செஞ்சதுங்ப்பா. உலகத்துல அதோட அருமை தெரிஞ்சவங்க கொஞ்சப் பேரு. அதுல நான் ஒருத்தன். நானே அது ஒடையோணும்னு வேண்டிக்கிட்டேன். காலேஜ்ல பசங்க மொகத்தைப் பாக்க முடியலை. அதுக்குத்தானுங் லீவு போட்டேன். கணக்குக்கு மட்டும் இல்லை."

"கோயிலுக்கு ஒருதரம் வா சாமி. ஒண்ணும் போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றான். "எனக்குப் போயிருச்சுங்ப்பா."

அவன் தாள்களை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணினான். உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொழுக்கட்டை தின்றோம்.

(கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, எழுதிவிடுகிறேன். அவர்கள் இரண்டு பேரையும் போல நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. அவருடைய தாள்களை அடுப்பில் வைத்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். ஒருமுறை அல்ல. – வ.)

30 அக்டோபர், ஞாயிறு

செய்தி வந்துவிட்டது. இந்த முறையும் மெட்ராஸ் நண்பர்தான். இங்கிலாந்துக்காரர் அந்த இடத்தை அடைத்துவிட்டார். கூடவே இன்னொருத்தரும் உதவினாராம். பார்த்தவர்கள் எல்லோரும் சரி என்கிறார்களாம்.

திருமூர்த்தி சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னான். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். வளர்மதி பரிமாறினாள். அவன் ரசம் கேட்டான். மோர் கேட்டான். எல்லாவற்றையும் தின்றான். எழுந்து தோட்டத்துப் பக்கம் போனான்.

நானும் போனேன். கட்டிலைக் கிணற்றுமேட்டிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை. அதில் உட்கார்ந்தான். நான் தரையில் உட்கார்ந்தேன், அவன் கால் என் கைக்கு எட்டுகிற தூரத்தில். மழை பெய்து தண்ணீர் மேலே ஏறியிருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவரு அடைச்ச வழி எனக்குத் தோணவே தோணாதுங்ப்பா. போன்ல சொல்லச் சொல்லக் கேட்டேன். நான் போன பாதை அந்த எடத்துக்குப் போகவே இல்லைங். பக்கத்துலகூடப் போகலை."

"அப்படின்னா?"

"அப்படின்னா அவரு எடுத்தது என்ற கணக்கே இல்லைங். என்ற கணக்கு என்றகிட்டத்தான் இருக்குது, மூட்டையா." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "இப்ப வேணுமுன்னா உங்க ஆத்தாகிட்ட வந்து பொய் இல்லாமச் சொல்லலாமுங்."

அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்ப்பா, விழுந்துருவேன்னு பயந்துட்டீங்களா?" என்றான். இல்லை அப்புனு, கொசு என்றேன்.

4 நவம்பர், வெள்ளி

நால்வரும் பஸ்ஸில் போனோம். சுகன்யா தூக்குப்போசியில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டாள். ராசு கடை முன்னால்தான் பஸ் நிற்கும். வெள்ளிங்கிரி பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். கணக்கு விஷயம் அவனுக்கும் தெரிந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் எழுந்து வந்து, "வாத்தியாரே, பஸ் லேட்டுங், ஒரு டீ குடிங்" என்று திருமூர்த்தியிடம் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. திருமூர்த்தி குடித்தான். நானும் குடித்தேன். இவன் வாயை மூடவா மிளகாய் அரைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் வேறு யாரும் இல்லை. நான் பூசிய கல்லில் என் மிளகாய்க்கு மேல் எத்தனையோ பேருடைய மிளகாய் காய்ந்து கிடந்தது. திருமூர்த்தி சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு முன்னால் நின்றான். காளியப்பன் சொல்லச் சொன்னதைச் சொன்னான்.

"என்ற பொருளு ஒண்ணும் போகலை ஆத்தா."

 சொல்லிவிட்டான்.

எண்ணெய் ஊற்றும் முன்னால் இந்த விவகாரத்தில் பட்டவர்கள் பேரை எல்லாம் சொல்ல வேண்டும் என்றார் காளியப்பன். செத்தவர்கள் பேருக்குத் தண்ணீர், இருப்பவர்கள் பேருக்கு எண்ணெய். அதுதான் அங்கே வழக்கம். அரைத்தவன்தான் சொல்ல வேண்டுமாம்.

"செத்தவங்க இருக்காங்களா இதுல?" என்றார்.

"நெறைய இருக்காங்." சொன்னேன். தீபாவளியன்று திருமூர்த்தி சொன்னது ஒன்றும் எனக்கு விட்டுப்போகவில்லை. புத்தகத்து ஓரத்தில் இடம் போதவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போன பெர்மா. கண் போன பிறகும் கணக்குப் போட்ட ஆய்லர். பொம்பளை என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று ஆம்பளைப் பேரில் எழுதிய சோபி. வாய்ப்பாட்டிலேயே தடுமாறிய கும்மர். கல்யாணத்துக்கு முன்னால் போன ஜப்பான் பையன் தனியாமா. ஒவ்வொரு பேருக்கும் காளியப்பன் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டார். மிளகாய் கரைந்து சிவப்பாக ஓடியது. திருமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை பேரையும் நான் ஞாபகத்தில் வைத்திருப்பேன் என்று அவன் நினைக்கவில்லை.

"இனி இருக்கறவங்க."

இங்கிலாந்துக்காரர் பேர் எனக்கு வாயில் நுழையாது. திருமூர்த்தி சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார் காளியப்பன். தெரியாது என்றோம். "அப்ப ஆத்தா நட்சத்திரத்துக்கே ஊத்திருவோமுங்" என்று ஊற்றினார். எண்ணெய் கல்லின் மேல் மெதுவாக இறங்கியது. மன்னிச்சிருங் சாமி என்று அந்த இங்கிலாந்துக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கேட்கப்போவதில்லை. கேட்டிருந்தாலும் எதற்கென்று தெரிந்திருக்காது.

போசியில் இன்னும் எண்ணெய் மிச்சம் இருந்தது. காளியப்பன் அதைச் சாய்த்துப் பார்த்தார்.

"வேற ஆராச்சும் உசுரோட இருக்காங்களா பெரியவரே, இந்தக் கணக்குல?"

வளர்மதி அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். சுகன்யா அவன் கைவிரலைப் பிடித்திருந்தாள்.

"இருக்கானுங்" என்றேன். "என்ற மகன் திருமூர்த்தி."